வரும் வரை கூப்பிடு

என் மாமனாரும் மாமியாரும் பேச்சை நிறுத்திக்கொண்ட அதே வாரத்தில்தான், என் புரோகிராமிலிருந்து பிரேக்கைத் தூக்கச் சொல்லி முதலாளி உத்தரவு போட்டார். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

முதலில் பிரேக்கைச் சொல்லிவிடுகிறேன். இது வண்டியில் காலால் மிதிக்கிற சமாச்சாரம் இல்லை. கம்ப்யூட்டரிடம் "இன்னது நடக்கும் வரை இதையே செய்துகொண்டிரு" என்று சொல்லிவிட்டால் அது செய்துகொண்டே இருக்கும். அலுத்துக்கொள்ளாது, வெளியே போய்க் காற்று வாங்கிவிட்டு வராது. இதற்கு லூப் என்று பெயர். "போதும், வெளியே வா" என்று அதை நடுவில் கிளப்ப ஒரு வார்த்தை இருக்கிறது. அதுதான் பிரேக். அது இல்லாவிட்டால், இன்னது நடக்காத வரைக்கும் கம்ப்யூட்டர் அங்கேயே கிடக்க வேண்டியதுதான்.

எங்கள் கம்பெனி பெரிய கம்பெனி இல்லை. முன்னறையில் முதலாளி பிரிண்டர் விற்பார். பின்னறையில் நானும் ஒரு கம்ப்யூட்டரும், சுற்றுவதைவிட அதிகமாகச் சத்தம் போடுகிற ஒரு ஃபேனும் இருப்போம். நான் செய்வது டோக்கன் மெஷினுக்கான புரோகிராம். ஆஸ்பத்திரி வாசலில் பொத்தானை அழுத்தினால் நம்பர் போட்ட சீட்டு வரும். முறை வந்ததும் ஸ்பீக்கர் அந்த நம்பரைக் கூப்பிடும். கவுண்டருக்குப் போய்ச் சீட்டைக் கண்ணாடியில் காட்டினால் பச்சை விளக்கு எரியும். ஆள் வந்தாயிற்று என்று மெஷினுக்குப் புரியும். அடுத்த நம்பருக்குப் போகும்.

நான் எழுதியிருந்தது சின்னக் குழந்தைக்கும் புரிகிற கணக்கு. கூப்பிடு. வரவில்லையென்றால் மறுபடி கூப்பிடு. மூன்று தடவை கூப்பிட்டும் வரவில்லையென்றால் பிரேக், அடுத்த ஆளைப் பார்.

எங்கள் முதலாளிக்கு நான் வைத்திருக்கும் பெயர் விடாக்கண்டர். யாராவது அவரிடம் பழைய பிரிண்டரைப் பாதி விலைக்குக் கேட்டுவிட்டுப் போனால், தெருக்கோடி வரைக்கும் பின்னாலேயே போய் முழு விலைக்கு விற்றுவிட்டு வருகிற ஆள். மெஷினைச் சோதித்துப் பார்த்த அன்று அவரே ஒரு சீட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். நடுவில் போன் வந்தது, வெளியே போனார். திரும்பி வருவதற்குள் அவர் நம்பர் தாண்டிப் போய்விட்டது.

"மூணு தடவை கூப்பிட்டு வரலைன்னா விட்டுடுவியா?" என்றார்.

"பின்னாடி ஆளுங்க காத்திருப்பாங்களே சார்."

"நான் கஸ்டமரை மூணு தடவையோட விட்டிருந்தா இந்தக் கடை இருந்திருக்குமா? வர்ற வரைக்கும் கூப்பிடணும். அந்த பிரேக்கை எடு."

"சார், ஒருத்தர் வரவே இல்லைன்னா?"

"ஏன் வராம? உடம்பு சரியில்லாமதானே ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கான்? கூப்பிட்டா வருவான்."

எடுத்தேன். ஒரே ஒரு வார்த்தையை அழித்தேன். அந்த எரிச்சலைத் தீர்த்துக்கொள்ள நானாகவே ஒரு வேலை செய்தேன். கரண்ட் போய்த் திரும்பி வந்தால் மெஷின் முதலிலிருந்து ஆரம்பிக்காமல், விட்ட இடத்திலிருந்து தொடர்கிற மாதிரி எழுதிவைத்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

இப்போது வீட்டுக்கு வருகிறேன்.

என் மாமியார் ஒரு கதை சொல்ல ஆரம்பித்தால் அது நேர் ரோட்டில் போகாது. கதையில் ஒரு டிரைவர் வந்தால் டிரைவரின் மைத்துனர் வருவார். மைத்துனருக்கு இருந்த மூச்சிரைப்பு வரும், மூச்சிரைப்புக்கு வைத்தியம் பார்த்தவர் வருவார், அவர் வீட்டுச் சுவருக்கு அடித்த பெயின்டின் நிறம் வரும். நாம் எங்கே இருந்தோம் என்பதே நமக்கு மறந்துபோயிருக்கும். அவருக்கு மறக்காது. பெயின்டிலிருந்து வைத்தியர், வைத்தியரிலிருந்து மைத்துனர், மைத்துனரிலிருந்து டிரைவர் என்று ஒவ்வொரு படியாக இறங்கி, விட்ட சொல்லிலேயே வந்து நிற்பார். நான் எழுதிய எந்தப் புரோகிராமும் இவ்வளவு சுத்தமாகத் திரும்பி வந்ததில்லை. இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை.

மாமனார் பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டியும் கிளம்பிய இடத்திலிருந்து போய்ச் சேரும் இடத்துக்கு நேரத்தோடு போக வேண்டும், வழியில் நின்று வேடிக்கை பார்க்கக் கூடாது என்பது அவர் கட்சி. இந்த இரண்டு பேரும் இத்தனை வருஷம் ஒரே வீட்டில் எப்படிக் குடித்தனம் பண்ணினார்கள் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் கணவரின் நண்பர் குடும்பத்தோடு வந்திருந்தார். மாமியார் தன் தங்கை கல்யாணத்தில் மோதிரம் காணாமல்போன கதையை எடுத்தார். மாப்பிள்ளை விரல் நீட்டிக்கொண்டு நிற்கிறார், மோதிரம் இல்லை. காரில் தேடினார்கள். டிரைவர் வந்தார், மைத்துனர் வந்தார், வைத்தியர் வந்தார். விருந்தாளிகள் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்கள். மாமியார் குரலைத் தாழ்த்தி, "அப்பதான் யாருமே நினைக்காத ஒரு இடத்துல..." என்றார்.

"போட்டோக்காரர் கேமராப் பெட்டியில இருந்துச்சு" என்றார் மாமனார்.

அவ்வளவுதான். விருந்தாளிகள் "ஓ" என்றார்கள். ஒருத்தர் கடிகாரத்தைப் பார்த்தார். மாமியார் மாமனாரைப் பார்த்து, "சரி. இனிமே நீங்களே சொல்லிக்குங்க" என்று எழுந்து உள்ளே போனார். அவரிடம் மாமியார் பேசிய கடைசி வார்த்தை அதுதான்.

அதன்பிறகு வீட்டில் எல்லாப் பேச்சும் என் வழியாகத்தான் போயிற்று. மாமனார் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருப்பார். கையெட்டும் தூரத்தில் நின்றுகொண்டு மாமியார், "ஏம்மா, சாப்பாடு ரெடின்னு சொல்லு" என்பார்.

"மாமா, சாப்பாடு ரெடியாம்."

"உப்பு கம்மியா இருக்குன்னு சொல்லும்மா."

"அத்தை, உப்பு..."

"கேட்டுச்சு. பிரஷருக்கு இவ்வளவு போதும்னு டாக்டர் சொன்னதைச் சொல்லு."

"அவளா ஒரு தடவை கூப்பிடட்டும், நான் பேசுறேன்" என்று மாமனார் தனியாக என்னிடம் சொன்னார். "அவரா வந்து 'அப்புறம் என்ன ஆச்சு'ன்னு கேக்கட்டும், நான் பேசுறேன்" என்று மாமியார் தனியாகச் சொன்னார். அவர் கூப்பிடும் வரை இவர் காத்திருப்பார், இவர் கேட்கும் வரை அவர் காத்திருப்பார். எங்கள் தொழிலில் இந்த மாதிரி இரண்டு லூப்புகளைச் சேர்த்து எழுதிவிட்டால் இரண்டும் அப்படியே நின்றுவிடும். யாராவது ஒருவர் வெளியிலிருந்து பிளக்கைப் பிடுங்க வேண்டும். வீட்டில் எந்தப் பிளக்கைப் பிடுங்குவது?

என் கணவரிடம் சொல்லிப் பார்த்தேன். அவரிடம் எதைச் சொன்னாலும் வெளியே வருவது ஒரே பதில்தான். "பாத்துக்கலாம்."

இதற்கு நடுவில் மெஷினுக்கு ஒரு குரல் தேவைப்பட்டது. காசு கொடுத்துக் குரல் வாங்க விடாக்கண்டருக்கு மனசு வரவில்லை. "வீட்டுல யாராவது நல்லாப் பேசுவாங்களா?" என்று கேட்டார். நல்லாப் பேசுபவர்கள் விஷயத்தில் என் வீட்டுக்குக் குறைச்சல் இல்லையே.

எதிரொலி வராமல் இருக்க, துணி பீரோக் கதவுகளைத் திறந்துவைத்து, அதற்கு நேரே மாமியாரை உட்காரவைத்து, தலைக்கு மேல் போர்வையைப் போர்த்தி ரெக்கார்டு செய்தேன். "நம்பர் ஒன்று, வாங்க" என்று சொன்னால் போதும். மாமியார், "நம்பர் ஒண்ணு, வாங்க, பாத்து வாங்க, தரையெல்லாம் தொடைச்சு ஈரமா இருக்கும்" என்றார். ஈரத்தை வெட்டுவதற்கு நான் அரை மணி நேரம் வாதாட வேண்டியிருந்தது.

"எல்லாத் தடவையும் ஒரே மாதிரி கூப்பிடக் கூடாதும்மா" என்றார் போர்வைக்குள்ளிருந்து. "கூப்பிடுறதுல ஒரு முறை இருக்கு. முதல் தடவை மரியாதையா. ரெண்டாவது தடவை ஞாபகப்படுத்துற மாதிரி. அதுக்கும் வரலைன்னா கொஞ்சம் அழுத்திச் சொல்லணும்."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. முதல் தடவை என்றால் இந்தக் குரல், இரண்டாவது தடவை என்றால் அந்தக் குரல், மற்றபடி எப்போதும் மூன்றாவது குரல் என்று எழுதினேன். மூன்றாவதை ரெக்கார்டு செய்யும்போது மாமியார் போர்வையை விலக்கிவிட்டுக் கூடத்துப் பக்கம் திரும்பினார். கூடத்தில் மாமனார் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "உங்களைத்தான். எவ்வளவு நேரம் கூப்பிடுறது? எழுந்து வாங்க." ஒரே டேக்கில் முடிந்தது. பேப்பர் ஒரு விநாடி ஆடியது, அவ்வளவுதான்.

மாமனார் பிரஷர் பார்க்கிற ஆஸ்பத்திரியில்தான் மெஷினைப் பொருத்தினோம். பெரிய டாக்டர் அம்மா குறைவாகப் பேசுகிறவர். "ஒரு காலை முழுக்க ஓடட்டும். நீங்க யாரும் கை வைக்கக் கூடாது. பன்னெண்டு மணிக்குச் சரியா இருந்தா வாங்கிக்கறேன். உங்க கை பட்டுச்சுன்னா எடுத்துட்டுப் போயிடுங்க" என்றார்.

விடாக்கண்டர் என்னிடம் வேறு மாதிரி சொன்னார். "இது போகலைன்னா பின்னறையைப் பூட்டிட்டு நான் பிரிண்டரோட நிறுத்திக்கறேன். உனக்கே தெரியும்." எனக்குத் தெரியும். பின்னறை இல்லையென்றால் எனக்கு வேலை இல்லை. இந்த ஊரில் டோக்கன் மெஷினுக்குப் புரோகிராம் எழுத வேறு யாரும் என்னைத் தேடி வந்து நிற்கப் போவதில்லை.

அன்றைக்குப் பார்த்துத்தான் மாமனாருக்கு பிரஷர் பார்க்கிற தேதி. வேறு நாள் போங்களேன் மாமா என்றேன். "தேதின்னா தேதி" என்றார். தன் குரல் ஊர் முழுக்கக் கேட்கப்போவதைப் பார்க்க மாமியாரும் நல்ல புடவை கட்டிக்கொண்டு கிளம்பினார். இருவரும் ஒரே பஸ்ஸில் ஏறி, அவர் முன்னால், இவர் பின்னால் உட்கார்ந்து வந்தார்கள். டிக்கெட்டுகூடத் தனித்தனியாக எடுத்தார்கள்.

ஒன்றோடொன்று கோத்த இரும்பு நாற்காலிகள் வரிசையாகப் போட்ட நீளமான கூடம். தரையில் பினாயில் வாசனை. சுவரில் இதயத்தைக் குறுக்கே வெட்டிக் காட்டுகிற படம், இரண்டு மூலையிலும் இரண்டு ஸ்பீக்கர். காலையில் எல்லாம் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போயிற்று. மாமியாரின் குரல் கணீரென்று கூப்பிட்டது, ஆட்கள் எழுந்தார்கள், சீட்டைக் காட்டினார்கள், பச்சை எரிந்தது. மாமியார் பக்கத்துப் பெண்மணியிடம், "என் குரல்தான்" என்றார். அந்த அம்மா நம்பவில்லை. உடனே மாமியார் ஸ்பீக்கரோடு சேர்ந்து ஒவ்வொரு நம்பராகச் சொல்லிக் காட்ட ஆரம்பித்தார். அந்த அம்மா மெதுவாக எழுந்து வேறு நாற்காலிக்குப் போய்விட்டார்.

"நம்பர் நாப்பத்திமூணு, வாங்க."

யாரும் எழுந்திருக்கவில்லை.

"நம்பர் நாப்பத்திமூணு, உங்க முறை வந்தாச்சு."

கவுண்டரில் இருந்த பெண் தலையை நீட்டிப் பார்த்தாள்.

"நம்பர் நாப்பத்திமூணு. உங்களைத்தான். எவ்வளவு நேரம் கூப்பிடுறது? எழுந்து வாங்க."

கூடத்தில் லேசாகச் சிரித்தார்கள். மெஷின் மறுபடி அதையே சொன்னது. மறுபடி சொன்னது. சிரிப்பு நின்றது. ஒவ்வொருவரும் தன் சீட்டைப் பார்த்துவிட்டுப் பக்கத்து ஆளின் சீட்டை எட்டிப் பார்த்தார்கள். கால் பெருவிரலில் கட்டுப் போட்டிருந்த ஒருவர் நொண்டிக்கொண்டே கவுண்டருக்குப் போய், "நான் நாப்பத்திநாலு. என்னையே நாப்பத்திமூணுன்னு வெச்சுக்கம்மா" என்றார். சீட்டைக் காட்டினார். சிவப்பு விளக்கு எரிந்து மெஷின் உறுமியது. "எவ்வளவு நேரம் கூப்பிடுறது?" என்று அவரையே அதட்டுகிற மாதிரி ஸ்பீக்கர் கேட்டது.

வாட்ச்மேன் புத்திசாலி. நேரே போய் சுவிட்சை அணைத்தார். கூடமே நிம்மதியாக மூச்சு விட்டது. பிறகு போட்டார்.

"நம்பர் நாப்பத்திமூணு. உங்களைத்தான்."

விட்ட இடத்திலிருந்து, அதே கோபத்தோடு. என் கர்வம் அந்த நொடியில் எங்கே போய் ஒளிந்துகொண்டதோ தெரியவில்லை.

விடாக்கண்டர் என் முழங்கையைப் பிடித்துத் தூண் பின்னால் இழுத்தார். "பிரேக் எங்கே?" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"நீங்கதான் சார் எடுக்கச் சொன்னீங்க."

"நான் சொன்னா எடுத்துடுறதா? படிச்ச பொண்ணுதானே நீ?"

பெரிய டாக்டர் அம்மா அறையிலிருந்து வெளியே வந்து நின்றார். ஸ்பீக்கரைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன். "பன்னெண்டு மணி வரைக்கும் இருக்கு. தானா சரியாகுதா பாப்போம்" என்றார். லேப்டாப் என் பையில் இருந்தது. ஒரே ஒரு வார்த்தையைச் சேர்த்தால் போதும். ஆனால் தொட்டால் வேலை போயிற்று, தொடாவிட்டாலும் போகப்போகிறது.

அப்போதுதான் கடைசி வரிசையில் மாமனாரைப் பார்த்தேன். கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, தலையை லேசாக ஆட்டியபடி உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் சீட்டு துருத்திக்கொண்டிருந்தது. அதில் நாலும் மூன்றும் என் கண்ணில் பளிச்சென்று அறைந்தன.

சத்தம் போட்டுக் கேட்க முடியாது. கூடத்தை நிறுத்திவைத்திருப்பது என் மாமனார், கூப்பிட்டுக்கொண்டிருப்பது என் மாமியார், புரோகிராம் எழுதியது நான். குடும்பமாகச் சேர்ந்து வந்து கழுத்தறுக்கிறோம் என்று விடாக்கண்டருக்குத் தெரிந்தால் அங்கேயே பலி போட்டுவிடுவார். மெதுவாகப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மாமா, உங்க நம்பர்தான். எழுந்திருங்க."

"உஷ்" என்றார் கண்ணைத் திறக்காமல். "பேசிட்டிருக்காம்மா."

"யாரு?"

"உங்க அத்தைதான். நடுவுல எழுந்தா மரியாதையா இருக்காது."

"மாமா, அது மெஷின்!"

"குரல் அவளோடதுதானே? போன தடவை நடுவுல வெட்டினேன். அதுக்கு இத்தனை நாளா வாயைத் திறக்கல பாத்தியா? இப்பதான் ஆரம்பிச்சிருக்கா. முடிக்கட்டும்."

"அது முடிக்காது மாமா. அதுல பிரேக் இல்ல."

"எழுதினது யாரு?"

"நான்தான்."

"அப்ப நீ பாத்துக்க. நான் இனிமே யாரையும் நடுவுல வெட்டுறதா இல்ல."

"நம்பர் நாப்பத்திமூணு. உங்களைத்தான்" என்றது ஸ்பீக்கர். மாமனார் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "உங்களைத்தான்கிறா பாரு" என்றார். "அதைக் கேட்டு எவ்வளவு நாளாச்சு."

எனக்குக் கோபமாக வந்தது. சிரிப்பாகவும் வந்தது. சுவர்க் கடிகாரத்தில் முள் பன்னிரண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. எழுந்து மாமியாரிடம் ஓடினேன்.

மாமியார் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். ஸ்பீக்கரோடு சேர்ந்து சொல்வதை எப்போதோ நிறுத்திவிட்டிருந்தார்.

"பாத்தியாம்மா அநியாயத்தை?" என்றார். "இத்தனை பேர் முன்னாடி நான் தொண்டை கிழியக் கூப்பிடுறேன், அசையுறாரா பாரு!"

"அத்தை, உங்களுக்குத் தெரியுமா நாப்பத்திமூணு யாருன்னு?"

"தெரியாம என்ன? வாசல்ல சீட்டு எடுக்கும்போதே பாத்தேன். இப்ப யாரு யாரைக் கூப்பிடலைங்கிறது ஊருக்கே தெரிஞ்சு போச்சு. நான் கூப்பிட்டாச்சு. நூறு தடவை கூப்பிட்டாச்சு. அவருதான் வரல."

"அத்தை, அவரு வராததுக்குக் காரணம் நீங்க நினைக்கிறது இல்ல." மாமனார் சொன்னதை அப்படியே சொன்னேன். இத்தனை நாள் இரண்டு பேருக்கும் நடுவில் ஓடியதில், ஒரு வார்த்தை கூடவோ குறையவோ இல்லாமல் சொல்ல எனக்கு நன்றாகவே வந்திருந்தது.

மாமியார் கேட்டுக்கொண்டே இருந்தார். "நடுவுல வெட்டக் கூடாதுன்னா சொன்னாரு?"

"ஆமா அத்தை."

"அவரா?"

"அவரேதான். நீங்க முடிக்கிற வரைக்கும் உக்காந்திருப்பாராம்."

மாமியார் கடைசி வரிசைப் பக்கம் திரும்பவில்லை. புடவைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டார், கைப்பையைத் திறந்து ஒன்றையும் எடுக்காமல் மூடினார். "அந்த மெஷின் எப்பதான் முடிக்கும்?" என்றார்.

"அது முடிக்காது அத்தை. நீங்கதான் முடிக்கணும்."

எழுந்தார். கட்டு விரல்காரர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே காலை மடக்கி வழிவிட்டார். கவுண்டரில் அவசர அறிவிப்புக்கென்று ஒரு மைக் உண்டு. அதன் பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும் வரை மெஷின் வாயை மூடிக்கொள்ளும். மாமியார் அந்தப் பெண்ணிடம், "கொஞ்சம் குடும்மா, இது என் குரல்தான்" என்றார். அவள் யோசிக்காமல் கொடுத்துவிட்டாள். பெரிய டாக்டர் அம்மா என் கையைப் பார்த்தார். அது இன்னும் என் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது.

ஸ்பீக்கர் சட்டென்று அடங்கியது. அந்த அமைதியில் மாமியார் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது.

"என்னங்க" என்றார்.

கூடத்தில் இருந்த ஆம்பளைகளில் பாதிப் பேர் எழுந்து நின்றார்கள். கட்டு விரல்காரர் நொண்டிக் காலிலேயே எழுந்தார். வாட்ச்மேன் ஸ்டூலிலிருந்து குதித்தார். தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் "வந்துட்டேன், வந்துட்டேன்" என்று செருப்பைத் தேடினார். விடாக்கண்டர் வீட்டம்மா பக்கத்து ஊருக்குப் போயிருந்தார். இருந்தும் விடாக்கண்டரும் தூண் பின்னாலிருந்து ஓடிவந்து திருதிருவென்று விழித்தார்.

எழுந்திருக்க வேண்டிய மாமனார் மட்டும் உட்கார்ந்தபடியே இருந்தார். தலையைச் சாய்த்து, மீதியைக் கேட்கக் காத்திருந்தார்.

மாமியார் இப்போதுதான் அவரை நேராகப் பார்த்தார். "நான் சொல்லி முடிச்சுட்டேன்" என்றார் மைக்கில். "எழுந்து வாங்க."

மாமனார் எழுந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு, டிப்போவில் கடைசி வண்டியை அனுப்பிவிட்டு வருகிறவர் மாதிரி நிதானமாக நடந்து வந்தார். நின்றிருந்தவர்கள் ஒவ்வொருவராக அசடு வழிய உட்கார்ந்தார்கள். சீட்டைக் கண்ணாடியில் காட்டினார். பச்சை எரிந்தது. "நம்பர் நாப்பத்திநாலு, வாங்க" என்றது மெஷின், ஒன்றுமே நடக்காத மாதிரி, முதல் தடவைக்கான மரியாதையோடு.

பன்னிரண்டு மணிக்கு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பெரிய டாக்டர் அம்மா எங்களை அறைக்குள் கூப்பிட்டார். "உங்க கை படலை. வாங்கிக்கறேன்" என்றார். என் கால் அப்போதுதான் தரையில் பட்டது. "ஆனா ஒருத்தர் வரலைன்னா அடுத்தவரைப் பாக்குற மாதிரி மாத்திக் குடுங்க."

"மேடம், அதைத்தான் நான் முதல்லயிருந்தே இந்தப் பொண்ணுகிட்டச் சொல்லிட்டிருக்கேன்" என்றார் விடாக்கண்டர். பின்னறை பிழைத்ததே, போதும்.

இந்தத் தடவை பஸ்ஸில் இரண்டு பேரும் ஒரே சீட்டில் வந்தார்கள் என்று மாமியார் சொல்லவில்லை, மாமனாரும் சொல்லவில்லை. கண்டக்டர் கிழித்துக் கொடுத்த இரண்டு டிக்கெட்டும் மாமனார் பையில் சேர்ந்து இருந்ததை நான்தான் பார்த்தேன்.

சாயங்காலம் என் கணவர் வந்ததும் மாமியார் கூடத்தில் நடு நாற்காலியில் உட்கார்ந்து மோதிரக் கதையை முதலிலிருந்து ஆரம்பித்தார். மாப்பிள்ளை விரல் நீட்டினார். கார் வந்தது, டிரைவர் வந்தார், மைத்துனர் வந்தார். இந்தத் தடவை வைத்தியருடைய மகளுக்கும் ஒரு கதை இருந்தது. அடுப்பில் வைத்ததை நான் போய் அணைத்துவிட்டு வந்தேன். என் கணவர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்த பார்வையில் கடிகாரத்தை விட்டுவிட்டார். மாமனார் பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு திருப்பத்துக்கும் "ம்" கொட்டிக்கொண்டிருந்தார். பெயின்டிலிருந்து வைத்தியர், வைத்தியரிலிருந்து மைத்துனர், மைத்துனரிலிருந்து டிரைவர். மாமியார் குரலைத் தாழ்த்தினார்.

"அப்பதான் யாருமே நினைக்காத ஒரு இடத்துல..."

நிறுத்திவிட்டு மாமனாரைப் பார்த்தார். மோதிரம் எங்கே இருந்தது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவருக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும், தேடி எடுத்ததே அவர்தான்.

மாமனார் நாற்காலி நுனிக்கு வந்தார்.

"அப்புறம்?" என்றார்.